மலரக்காவின் சோற்றுப் பானை

சப்பாத்தைக் கழற்றவேண்டாம் தங்கச்சி. வேண்டாம், போட்டபடியே வாங்கோ. தமிழ் வீட்டு வாசலில் நின்று அப்படிச் சொன்னால் ஒரு மாதிரித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் யாரும் கழற்றுவதில்லை. என் மனிசன் யூட்கூட வேலைச் சப்பாத்தோடுதான் குசினிவரைக்கும் வருவார். பிறகு நான் கூட்டித் துடைப்பேன். அது என்னுடைய வருத்தம், விடுங்கோ.

இதில் இருங்கோ. தேத்தண்ணி போடுகிறேன். பிஸ்கட் இல்லை, மன்னிக்கவேணும். நான் வாங்குவதில்லை.

கடதாசியைப் பிறகு எடுங்கோ. அதில் என்ன இருக்கிறதென்று போனில் நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். நீங்கள் மலரக்காவின் சட்டத்தரணி. வருகிற மாதம் மலரக்காவின் வழக்கு நீதிமன்றத்தில். இன்றைக்கு நாலு மணிக்குள் இந்தச் சத்தியக்கடதாசி போய்ச் சேரவேண்டும். அதில் எமல்டா யூட் நிக்சன் என்கிற நான் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தால் மலரக்காவுக்கு நல்லது, எனக்குக் கூடாது. அதையும் நீங்களே சொன்னீர்கள். உங்களுக்கென்று வேறு சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கோ என்று மூன்று தரம் சொன்னீர்கள். கேட்டேன். என்னுடைய சட்டத்தரணி, வெள்ளைக்காரர், வழமையாக அரை மணித்தியாலம் கதைக்கிற மனிசன், “வேண்டாம்” என்ற ஒரே சொல்லோடு போனை வைத்துவிட்டார்.

ஆனபடியால் நான் வைக்கப்போவதில்லை. முதலே சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கோ. மூன்று மணிக்கு எனக்கும் பிள்ளையைக் கூப்பிடப் போகவேண்டும்.

நீங்கள் இங்கேயே வளர்ந்த பிள்ளை. உங்களுக்கு ஒன்று தெரியவேண்டும். இந்த டண்டினோங் ஊரில் பதினொரு பேருக்கு அகதிப் பாதுகாப்பு விசாவுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவள் நான். இதே மேசையில், சும்மா. மன்னாரில் கொன்வென்டில் படித்தவள். ஐந்து வருசம் தொடர்ந்து ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு எனக்குத்தான். எங்கள் சிஸ்டர் பெனடிக்டா சொல்லுவா, பெரிய துக்கத்தைச் சொல்லப் பெரிய சொல்லைத் தேடாதே, பக்கத்தில் கிடக்கிற ஒரு சின்னச் சாமானைக் காட்டு என்று. அதை நான் மறக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்பேன். அண்ணா, அந்த நேரம் கையில் என்ன இருந்தது? அறையில் என்ன நிறத் திரை?

ஒருவர் வந்தார். கதை முழுவதையும் சொல்லிவிட்டு, “தங்கச்சி, எனக்கு விழுந்த அடி காணுமே, இல்லாட்டி இன்னும் ரெண்டு போட்டு எழுதுறீங்களோ? கொஞ்சம் உறைப்பா இருக்கட்டும்” என்றார். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவருக்கு விசா கிடைத்து இப்போது சொந்த வீடு. ரோட்டில் கண்டால் காரின் ஹோனை அடித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

இந்தச் சனத்துக்கு நன்றி கிடையாது. மலரக்காவையே எடுங்கோ. நாலு மாதமாக என்னோடு கதை இல்லை. அவவின் மகன் அகரனும் என்னுடைய மகள் றியானாவும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூட முன் கேற்றில்தான் தாய்மார் எல்லோரும் நிற்பார்கள். நான் இப்போது பின் கேற்றால் போகிறேன். ஏன் இந்த வயதில் ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேணும்?

அவ முதன்முதலாக இங்கே வந்தபோது இருந்தது நீங்கள் இருக்கிற அந்தக் கதிரையில்தான். தமக்கை வீட்டைப் பார்க்க விசிட் விசாவில் கைப்பிள்ளையோடு வந்தவ. வன்னிப் பக்கத்து ஆள், ஆங்கிலம் துப்புரவாகத் தெரியாது. என்னை விட மூத்தவ, என்றாலும் மரியாதையாகத்தான் கதைப்பா. தன் புருசனைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னா. அழவில்லை. என்னுடைய அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

“உலை வைச்சிருந்தனான் பிள்ளை. அரிசி கொதிச்சுக்கொண்டு நிண்டது. சப்பாத்துக் காலோட உள்ளுக்க வந்து அவரைப் படலைக்குள்ளால இழுத்துக்கொண்டு போறாங்கள். அவருக்குப் பின்னால ஓடுறதோ பானையை இறக்குறதோ எண்டு தெரியாம நிண்டன்.”

அப்போது அகரன் வயிற்றில் ஐந்து மாதம். புருசன் திரும்பி வரவேயில்லை.

எனக்கு மயிர் கூச்செறிந்தது தங்கச்சி. அவவின் துக்கத்துக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அப்படி ஒரு வசனம் மற்றவர்களில் ஒருவர் வாயிலும் வரவில்லை. அன்றைக்கே எழுதினேன், ஆங்கிலத்தில். சோறு கொதித்துக்கொண்டிருந்தபோதே என் கணவரை வாசலுக்கு வெளியே இழுத்தார்கள் என்று தொடங்கி, நாலே வரி. அவவின் வாக்குமூலத்தில் ஆறாம் பந்தி. எழுதிவிட்டு இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். சிஸ்டர் இருந்திருந்தால் வகுப்பு முழுவதுக்கும் வாசித்துக் காட்டியிருப்பா.

பிறகு என்னுடையதை எழுதவேண்டி வந்தது. நாங்கள் மாணவர் விசாவில் வந்தவர்கள், என்னுடைய ஆங்கிலத்தை வைத்துத்தான் வந்தோம். அப்போது அது முடியப்போகிறது. என் வாக்குமூலத்தை நானே எழுதவேண்டும்.

ஆமாம். எடுத்தேன். அந்த நாலு வரியையும் எடுத்தேன். யூட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டதாக என்னுடையதில் எழுதினேன். அயல் வீட்டில் ஒரு கோப்பை சீனி வாங்குகிற மாதிரித்தான் அப்போது நினைத்தேன். அவவின் கோப்பு வேறு, என்னுடைய கோப்பு வேறு, யார் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கப் போகிறார்கள்? எழுதியவள் நான்தானே. அந்த ஆங்கிலம் அவவின் ஆங்கிலமா? சொல்லுங்கோ.

தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ.

விண்ணப்பத்தை முதலில் குடிவரவுத் திணைக்களம் மறுத்தது. அது எல்லோருக்கும் நடக்கிறதுதான். பிறகு மேன்முறையீட்டுக்கு ட்ரிபியூனல். அங்கே தீர்ப்பு எழுதுகிற மெம்பர் நல்ல மனுசி. தண்ணீர் குடியுங்கோ, களைத்துப் போனால் சொல்லுங்கோ, நிறுத்துவோம் என்று அவ்வளவு தன்மை. என்னை விசாரித்து முடித்து வெளியே அனுப்பிவிட்டு யூட்டைக் கூப்பிட்டார். யூட்டுக்கு நான் எல்லாம் படிப்பித்திருந்தேன். நேரம், திகதி, எத்தனை பேர், வந்த வான் வண்டியின் நிறம். ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம். மெம்பர் கேட்டது ஒரே கேள்வி. அவர்கள் உங்களை இழுத்துக்கொண்டு போனபோது வீட்டில் என்ன சமைத்துக்கொண்டிருந்தது?

யூட் சொல்லியிருக்கிறார், “அண்டைக்குப் பாண்.”

பாண்! கடையில் சுட்டு விற்கிற பாணை யாராவது உலை வைப்பார்களா? வெளியே வந்து, “அவ சோத்தைப் பற்றிக் கேப்பா எண்டு நீர் சொல்லேல்லையே” என்று என் மேல் பாய்ந்தார். எனக்கு மறுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மலரக்கா அதே மெம்பருக்கு முன்னால் போய் நின்றா. அவவுக்கும் மறுத்தார்கள். தீர்ப்பில் ஒரு பந்தி. இதே வார்த்தைகளை இந்த ட்ரிபியூனல் தொடர்பில்லாத வேறொரு விண்ணப்பத்திலும் கண்டிருக்கிறது, ஆகவே இது யாரோ சொல்லிக்கொடுத்த கதை என்று.

அதுதான் பிழை என்கிறீர்கள். அப்படி ஒன்று கையில் இருந்தால் மலரக்காவிடம் அதைக் காட்டி, இதற்கு உங்கள் பதில் என்ன என்று மெம்பர் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. கேட்டிருந்தால் மலரக்கா இன்னின்னதைச் சொல்லியிருப்பா என்று நீதிமன்றத்துக்குக் காட்ட உங்களுக்கு என்னுடைய கையெழுத்து வேண்டும். அந்த வரிகள் முதலில் மலரக்காவுடையது, அதைப் பார்த்து எழுதியவள் நான் என்று.

எனக்கு இந்த நீதிமன்றம் விளங்கவே கனகாலம் எடுத்தது. நீதவானுக்கு முன்னால் போனால் உண்மையைக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கமாட்டாராம். சோறு கொதித்ததா இல்லையா என்பது அவருடைய வேலை இல்லை. மெம்பர் சட்டப்படி நடந்தாரா என்று மட்டும்தான் பார்ப்பாராம். பிழை இருந்தால் திரும்ப ட்ரிபியூனலுக்கு அனுப்புவார், இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

என்னுடைய வழக்கும் அதே நீதிமன்றத்தில்தான், அதில் எனக்கும் ஒரு பிழை அகப்பட்டிருக்கிறது. எங்கள் பங்குச் சாமியார் மன்னாரிலிருந்து ஒரு கடிதம் தந்திருந்தார், அரைப் பக்கம். இந்த வீட்டுக்கு இரண்டு கிழமைக்கொருமுறை ஒருவர் வந்து இவளுடைய தமையனைப் பற்றி விசாரித்துப் போவதை நான் அறிவேன் என்று. மெம்பர் அந்தக் கடிதத்தைத் தீர்ப்பில் தொடவேயில்லை. நல்ல பிழை, வெல்லலாம் என்கிறார் என்னுடைய சட்டத்தரணி. வென்றால் திரும்ப ட்ரிபியூனலுக்குப் போவேன். இந்தக் கடதாசியில் நான் கையெழுத்து வைத்தால், அது எனக்கு முன்னால் அங்கே போய் இருந்துகொண்டு, வா எமல்டா, கள்ளி, என்று கூப்பிடும். எனக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கிறது தங்கச்சி. மலரக்காவுக்கு மட்டும்தான் பிள்ளையா?

அது என்ன, மேசைக்குக் கீழே… சப்பாத்தைக் கழற்றிவிட்டீர்கள். போடுங்கோ. தயவுசெய்து போடுங்கோ. இல்லை, கோபமில்லை. தேத்தண்ணி சிந்திவிட்டது, இருங்கோ துடைக்கிறேன்.

சொல்லுகிறேன். யூட்டைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

சாமியார் எழுதிய அந்த ஆள் இருக்கிறாரே. அவர் என்றே வாயில் வருகிறது பாருங்கோ, அவ்வளவு மரியாதையான ஆள். புலனாய்வுக்காரன். ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் பின்னேரம் வருவான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, முனை வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு வருவான். திரு இருதய ஆண்டவர் படத்துக்குத் தலை குனிவான். பிளேன்ரீ கேட்பான். பிள்ளைக்கு ஒரு பெட்டி மாரி பிஸ்கட் கொண்டுவருவான். கொச்சைத் தமிழில், “தங்கச்சி, கஷ்டம் தர வரல்ல. அண்ணாட்டருந்து கடிதம் ஒண்டும் வரல்லயா?” என்பான். என்னுடைய அண்ணா றெக்சன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவர் உயிரோடு வெளிநாட்டில் இருக்கிறார் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தால் எங்களுக்குச் சொல்லமாட்டாரா? இல்லை ஐயா என்பேன். நல்லது என்று குடித்துவிட்டுப் போவான். பதினாலு மாதம். ஒரு தரம்கூடக் குரல் உயர்த்தவில்லை.

ஒரு வியாழக்கிழமை, றியானாவுக்கு அப்போது ஒரு வயதும் ஒரு மாதமும். அவனுடைய மோட்டார்சைக்கிளைப் பார்த்துக் கையைக் காட்டினாள். “பிள்ளைக்கு ஆசைபோல. ஒரு ரவுண்ட் காட்டிட்டு வாறன்” என்று தூக்கிவிட்டான். நான் வேண்டாம் ஐயா, வெயில் ஐயா என்கிறேன். யூட்டின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னான், “ஏன் பயப்படுறது? என்ட சப்பாத்து இங்கதானே இருக்கு.”

நாற்பது நிமிசம்.

அந்தச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன் தங்கச்சி. கறுப்பு, நல்ல பொலிஷ். இடது சப்பாத்து நாடாவின் நுனி பிரிந்திருந்தது. தெருவுக்கு ஓடினால் இவை போய்விடும், இவை போனால் பிள்ளை வராது என்று, பைத்தியக்காரி மாதிரி அவற்றுக்குக் காவல் நின்றேன்.

கொண்டுவந்து தந்தான். பிள்ளை கையில் பிஸ்கட்டோடு சிரிக்கிறாள். “அடுத்த முறை இன்னும் கொஞ்சத் தூரம் போவம், என்ன பேபி?” என்றான். குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டு போனான். அடுத்த மாதம் நாங்கள் கொழும்புக்கு வந்து விசாவுக்குப் போட்டோம்.

இதை ஏன் எழுதவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள். என்னவென்று எழுதுவது? ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார், தேத்தண்ணி குடித்தார், பிள்ளையை மோட்டார்சைக்கிளில் ஏற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கொண்டுவந்து தந்தார். இதற்கு யார் விசா கொடுப்பார்கள்? இரத்தம் இல்லை, வான் இல்லை, அடி இல்லை. பதினொரு பேருக்குச் சின்னச் சாமானைக் காட்டு, சின்னச் சாமானைக் காட்டு என்று சொன்னவளுக்கு, தன் வீட்டு வாசலில் கிடந்தது தெரியவில்லை. எனக்கு உண்மையாகவே அது கதையாகத் தெரியவில்லை. மலரக்காவுடையதுதான் கதை மாதிரி இருந்தது.

என்னவென்று சொல்லாமல், புதிதாக ஒன்றை இப்போது சொல்லலாமா என்று மட்டும் என்னுடைய சட்டத்தரணியிடம் கேட்டேன். நீதிமன்றத்தில் ஏலாதாம். ட்ரிபியூனலுக்குச் சொல்லாத ஒன்றை மெம்பர் பார்க்காமல் விட்டார் என்று எப்படிக் குற்றம் சொல்வது என்றார். சரிதானே. சட்டத்தில் பிழை இல்லை.

கடதாசியைத் தாங்கோ. வாசிக்க மட்டும்.

ம். நல்ல ஆங்கிலம். நீங்கள் எழுதியதா? இதோ, நான்காம் பந்தி. திருமதி தவமலரின் வாக்குமூலத்திலிருந்த சில வரிகள் தவறுதலாக என்னுடையதிலும் சேர்ந்திருக்கலாம்.

தவறுதலாக. எனக்காகத்தான் இப்படி எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக, நோகாமல்.

மணி என்ன? இரண்டு இருபதா.

தங்கச்சி, மலரக்கா நாலு மாதமாக என்னோடு கதைக்கவில்லை என்றேன். அது சரியில்லை. ஒரு தரம் கதைத்தா. தீர்ப்பு வந்து இரண்டாம் கிழமை, முன் கேற்றில், எல்லாத் தாய்மாரும் போனபிறகு. என்னைத் திட்ட வருகிறா என்று நினைத்து நானும் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா, “பிள்ளை, நான் பானையை இறக்கிப்போட்டுத்தான் ஓடினனான் எண்டு உங்களுக்குச் சொன்னனானெல்லோ? சொன்னனானோ, இல்லையோ? அந்த மெம்பர் மனுசி நான் அதைப் புதுசாக் கட்டினது எண்டு எழுதியிருக்கு. எனக்கே இப்ப சந்தேகமாக் கிடக்கு.”

உங்களுக்கு இது தெரியாது. உங்கள் கடதாசியில் இது இல்லை. ஏனென்றால் அவ உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டா, அவவே நம்பவில்லை.

சொன்னவ தங்கச்சி. இந்த மேசையில் சொன்னவ. ஓடுறதோ இறக்குறதோ எண்டு தெரியாம நிண்டன் என்றதோடு முடிக்கவில்லை. “இறக்கிப்போட்டுத்தான் ஓடினன். அதுக்குள்ள வான் போயிட்டுது” என்றா. அதுதான் அவவின் கதை. மிச்சமெல்லாம் யாருக்கும் நடக்கலாம். நான்தான் அந்த வரியை வெட்டினேன். “இது வேண்டாம் அக்கா, வெள்ளைக்காரர் வாசித்தால் புருசனை விடப் பானை பெரிசோ என்று நினைப்பார்கள்” என்றேன். அவ திரும்பவும் அடுப்பைப் பார்த்தா. பிறகு, “நீங்கள் படிச்சனீங்கள் பிள்ளை, உங்களுக்குத் தெரியும்” என்றா.

ட்ரிபியூனலில் வாய்தவறி உண்மையைச் சொல்லியிருக்கிறா. பானையை இறக்கினேன் என்று. எழுத்தில் இல்லாததை எப்படிச் சொல்கிறாய் என்று அதையும் பொய்க் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

கேற்றில் கேட்டாவே, அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கு ஞாபகமில்லை அக்கா” என்றேன். என்னுடைய கையிலிருந்து அவவின் கை தானாகக் கழன்றது. அன்றையிலிருந்துதான் பின் கேற்று. அவ முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினது நான்.

பேனை தாங்கோ.

இல்லை, கதைக்காதேயுங்கோ. வேறு ஆளிடம் கேளுங்கோ என்று நாலாம் தரம் சொல்லவேண்டாம். எல்லாம் விளங்கித்தான் செய்கிறேன். இந்தத் ‘தவறுதலாக’ வேண்டாம். வெட்டுகிறேன். கடதாசியின் கரையில் என்னுடைய பெயரின் முதலெழுத்து, சரியா? நீங்களும் பக்கத்தில் வைக்கவேண்டும். ‘சேர்ந்திருக்கலாம்’ என்பதும் வேண்டாம். எடுத்தேன் என்று எழுதுகிறேன். இங்கே கீழே இடம் இருக்கிறது. ஐந்தாம் பந்தி. திருமதி தவமலர் பானையை இறக்கிய பின்னரே ஓடியதாக என்னிடம் கூறினார். அதை நீக்கியது நான். அது அவருக்கு அழகில்லை என்று நான் நினைத்தேன்.

அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை. சிஸ்டர் பார்த்தால் பத்துக்கு நாலு போடுவா.

இனிக் கையெழுத்து. நீங்கள் சாட்சி.

என்னுடைய சப்பாத்துக் கதையை எந்தப் பந்தியில் போடுவது என்று கேட்கமாட்டேன். பயப்படாதேயுங்கோ. இது மலரக்காவின் கடதாசி.

யூட்டுக்கு இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும். வந்த வேலைச் சப்பாத்தோடேயே திரும்ப வெளியே போய்விடுவார், பாருங்கோ.

நீங்கள் வெளிக்கிடுங்கோ, நாலு மணிக்குள் கொடுக்கவேண்டுமே. தேத்தண்ணியைத் தொடவேயில்லை நீங்கள், ஆறிப்போச்சு. நானும் வெளிக்கிடுகிறேன். இன்றைக்குக் கொஞ்சம் வேளைக்கே போகவேண்டும். முன் கேற்றில் நிற்க இடம் பிடிக்கவேண்டும்.